எண் இல்லாத டப்பா



நொதிகளைப் பற்றிய பாடத்தை நடத்தி முடித்த ஒரு நாள். ஓய்வு மணி அடித்ததும் எல்லாரும் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிவிட்டார்கள். படிவம் நான்கு மாணவி ஒருத்தி மட்டும் அறிவியல் கூடத்திலேயே நின்றாள். பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளை டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"டீச்சர், இத மூனு வாரமா போடுறேன். முகம் வெளுத்திருக்கு. ஆனா அம்மா திட்டுறாங்க. இது நல்லதா, கெட்டதா?"

அவள் வீடு ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. அக்காவின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. புலனத்தில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, வார இறுதியில் கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் 25 ரிங்கிட் கொடுத்து வாங்கியிருக்கிறாள். விளம்பரத்தில் நாம் எல்லாரும் அறிந்த ஒரு தமிழ் நடிகையின் இரண்டு படங்கள் இருந்தன. பழைய படத்தில் மாநிறம்; புதிய படத்தில் பளிச்சென்ற வெள்ளை. "அவங்களே இததான் போடுறாங்களாம், டீச்சர்" என்றாள்.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை. என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. காலாவதித் தேதியும் இல்லை. மூடியில் ஒரு பூப்படம் மட்டும் ஒட்டியிருந்தது. உள்ளே மடித்து வைத்த துண்டுச்சீட்டில், எழுத்துப் பிழைகளோடு மலாயில் சில குறிப்புகள்: இரவில் மட்டும் பூசவும், வெயிலில் போக வேண்டாம், தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முகத்தில் பூசும் ஒன்று மோதிரத்தில் ஏன் படக்கூடாது? தங்கத்தோடு பாதரசம் சேர்ந்தால் இரண்டும் கலந்து ரசக்கலவை ஆகிவிடும். மஞ்சள் மோதிரம் வெள்ளியைப் போல வெளுத்துப் போகும். ஆற்று மணலில் கிடக்கும் பொன்துகள்களைப் பிரித்தெடுக்க, சிறு சுரங்கத் தொழிலாளர்கள் பாதரசத்தைப் பயன்படுத்துவது இந்தக் குணத்தை நம்பித்தான். முகப்பூச்சுகளில் பாதரசம் உப்பு வடிவில் கலக்கப்படுகிறது. தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கை ஒரு முகப்பூச்சில் இருந்தால் அதில் பாதரசம் இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே குறிப்பிட்டிருக்கிறது. துண்டுச்சீட்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடச் சோதனைதான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் சந்தேகப்பட இது போதும்.

இப்போது அன்று நடத்திய பாடத்துக்கு வருவோம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் கறுப்பாக இருப்பவருக்கும் வெள்ளையாக இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனின் உண்டாக்குகின்றன, எந்த வகை மெலனின், அது தோலில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. மெலனினுக்கு வேலையும் இருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர்கள் உயிரணுவின் மரபணுவைக் கெடுக்காமல் அது குடை பிடிக்கிறது. 1979இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பினத்தவரின் மேல்தோல் தானாகவே 13 அளவுள்ள வெயில் காப்பைத் தருவதாகவும், வெள்ளையரின் மேல்தோல் 3 அளவுக்கு மட்டுமே தருவதாகவும் கணக்கிட்டார்கள். நம்மவர் நிறம் இந்த இரண்டுக்கும் நடுவே பலவிதமாக இருக்கிறது. மலாக்கா பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டே பாகை தூரத்தில் இருக்கிறது. இங்கே நண்பகல் வெயிலில் நிற்பவருக்கு அந்தக் குடை எவ்வளவு தேவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் பாட்டி அலோர் காஜா பக்கத்தில் பால்மரம் வெட்டியவர். தலையில் துணி, கையில் நீளச்சட்டை, மற்றதையெல்லாம் மெலனின் பார்த்துக்கொண்டது.

மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பூட்டும் சாவியும் போல நொதி வேலை செய்கிறது என்று படித்திருப்பீர்கள். இந்த நொதியின் பூட்டுத் துளைக்குள் செம்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாதரசம் வந்து அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, மெலனின் குறைகிறது, முகம் வெளுக்கிறது.

ஆகவே, அந்த டப்பா பொய் சொல்லவில்லை. அது உண்மையாகவே வெளுக்க வைக்கிறது. மூன்று வாரத்தில் கண்ணாடியில் மாற்றம் தெரிகிறது. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை, தோழியிடமும் சொல்கிறார்கள், தோழியும் வாங்குகிறாள்.

பூசிய பாதரசம் முகத்தோடு நின்றுவிடுவதில்லை. தோல் வழியாக இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கெட்டால், உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும். அப்போது சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைக்கும். காலையில் எழுந்ததும் கண்ணிமை வீங்கியிருக்கும்; மாலையில் காலணி இறுக்கும்.

கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர் இருக்கிறது. ஆயுர்வேதத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை நோய் இருந்தது. (இந்த நெல்லுக்கும் நம் வயல் நெல்லுக்கும் சம்பந்தமில்லை.) அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் பூசியதாகச் சொன்னார்கள். முதலில் வந்தவர்களில் ஒருவர் 14 வயதுச் சிறுமி. உறவுக்காரப் பெண் ஒருவருக்கும் அதே நோய் இருந்ததைக் கண்ட பிறகுதான், இருவருக்கும் பொதுவானது என்ன என்று மருத்துவர்கள் துருவிக் கேட்டார்கள். இருவரும் ஒரே வகைக் கிரீம் பூசியிருந்தார்கள். நல்ல செய்தி என்னவென்றால், கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறிவிட்டார்கள்.

முகப்பூச்சில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆயிரம் கிலோ அரிசியில் ஒரு கிராம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2018இல் பாதரச ஒழிப்புக்காகப் பாடுபடும் அமைப்புகள் 22 நாடுகளில் 338 கிரீம்களை வாங்கிச் சோதித்தன. 34 கிரீம்களில் அந்த அளவைவிடப் பல மடங்கு, 16,000 மடங்கு வரைகூட, பாதரசம் இருந்தது. ஜப்பானின் மினமாட்டா நகரைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மக்களை முடக்கியது 1956இல் வெளியே தெரிந்தது. அது வேறு வகைப் பாதரசச் சேர்மம். ஆனாலும் அந்த ஊர்ப் பெயரிலேயே 2013இல் உருவான உலக உடன்படிக்கைதான் இன்று முகப்பூச்சுப் பாதரசத்தையும் தடுக்கிறது. 2023இல் கூடிய உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களை 2025க்குள் முற்றாக நிறுத்த முடிவு செய்தன. தோட்டத்து வீட்டுக்குப் புலனம் வழியாக வரும் டப்பாவுக்கு அந்த முடிவு தெரியாது.

சரி, பாதரசத்தை விடுவோம். பெயர் இல்லாத ஒரு டப்பாவுக்கு, கஷ்டப்பட்டுச் சம்பாதித்த 25 ரிங்கிட்டைக் கொடுக்க அந்தப் பிள்ளையைச் சம்மதிக்க வைத்தது எது? ஒரு முகம். அந்த நடிகைக்கு இப்படி ஒரு டப்பா இருப்பதே தெரிந்திருக்காது. படங்களை யாரோ இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒட்டப்பட்ட முகமே வேலையைச் செய்துவிட்டதே, அது எப்படி?

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920இல் ஒன்றைக் கவனித்தார். இராணுவ அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களுக்கு மதிப்பெண் போடும்போது, ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டால், தொடர்பே இல்லாத மற்றக் குணங்களுக்கும் அதிக மதிப்பெண் போட்டார்கள். இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர் வைத்தார். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அந்த வட்டம்தான். நன்றாக நடிக்கிறார், நன்றாக ஆடுகிறார், ஆகவே கிரீமைப் பற்றியும் சரியாகத்தான் சொல்வார் என்று நம் மூளை தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

நம் மாநிலத்தோடு ஒட்டிய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008இல் மலாக்கா மாநிலம் இந்தி நடிகர் ஷாருக் கானுக்கு டத்தோ பட்டம் கொடுத்தது. 2001இல் வந்த அவருடைய 'ஒன் டூ கா ஃபோர்' படத்தின் காட்சிகள் மலாக்காவில் எடுக்கப்பட்டிருந்தன. சுற்றுலாவுக்கு அது உதவியது என்பது காரணம். நான் அப்போது கல்லூரி மாணவி. தோழிகளோடு சேர்ந்து நானும் மகிழ்ந்தவள்தான், மறைக்கவில்லை. அதே காலக்கட்டத்தில் அவர் இந்தியாவில் இன்னொன்றுக்கும் முகமாக இருந்தார்: இமாமி நிறுவனம் 2005இல் ஆண்களுக்காகக் கொண்டுவந்த 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' கிரீம். வெள்ளையானால் வெற்றி வரும் என்பதுபோல் அந்த விளம்பரங்கள் பேசுகின்றன என்று 2013இல் பலர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சென்னையில் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்தியது.

அந்தக் கிரீமில் பாதரசம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பார்க்கச் சொல்வது விளம்பரத்தின் தர்க்கத்தை. ஷாருக் கான் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தின் மூலம் நாடெங்கும் கொண்டாடப்பட்டது 1995இல். கிரீம் வந்தது 2005இல். காரணம் முதலில் வர வேண்டும், விளைவு பிறகு வர வேண்டும் என்பது அறிவியலின் அரிச்சுவடி. விளைவு வந்து பத்து ஆண்டு கழித்துக் காரணம் வந்தால், எந்த ஆசிரியர் மதிப்பெண் போடுவார்?

இந்தக் கதைக்கு நீதிமன்றத்திலும் ஒரு பகுதி உண்டு. டில்லியைச் சேர்ந்த ஒருவர் 79 ரூபாய் கொடுத்து அந்தக் கிரீமை வாங்கி, சொன்னபடி பூசினாராம். நிறம் மாறவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2024 டிசம்பரில், விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று சொல்லி நிறுவனம் 14.5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று மன்றம் ஆணையிட்டது. எனக்குப் பிடித்த பகுதி நிறுவனத்தின் வாதம். கிரீம் மட்டும் போதாது. சத்துணவு, உடற்பயிற்சி, நல்ல பழக்கம், சுத்தம் எல்லாம் சேர்ந்தால்தான் பலன் தெரியும் என்றது. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆரம்பப்பள்ளியிலேயே படித்தீர்களே! இத்தனை மாறிகளையும் ஒன்றாக மாற்றிவிட்டு, பலன் கிரீமால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? மேலும், அந்த நிபந்தனைகள் டப்பாவின் மேல் எழுதப்படவில்லை என்பதையும் மன்றம் கவனித்தது.

இதற்கு நேர்மாறாக ஒரு வேடிக்கை. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் ரஜினிகாந்த் வெள்ளைக்காரரைப் போலத் தோன்றும் ஒரு பாடல் வரும். உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், நினைவிருக்கும். படத்தில் அவர் வெள்ளையாக என்னென்னவோ பூசிப் பார்ப்பார். ஆனால் அந்த வெள்ளை எந்தப் பூச்சாலும் வந்ததில்லை. ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் தோல் நிறத்தைப் படம்பிடித்து, அதைக் கணினியில் ரஜினியின் தோல்மேல் பொருத்தினார்கள். அந்தப் படத்துக்குச் சிறந்த காட்சி உத்திகளுக்கான இந்திய தேசிய விருதும் கிடைத்தது. சூப்பர் ஸ்டாருக்கே அந்த நிறத்துக்குக் கணினி தேவைப்பட்டது. இன்று அந்த வேலையை உங்கள் கைப்பேசியே ஒரு நொடியில் செய்துவிடுகிறது. மாணவியின் விளம்பரத்தில் இருந்த 'முன்', 'பின்' படங்களை நாங்கள் இருவரும் பெரிதாக்கிப் பார்த்தோம். பின் படத்தில் முகம் மட்டுமா வெளுத்திருந்தது? பின்னால் இருந்த சுவரும் வெளுத்திருந்தது!

நடிகர்கள் எல்லாரையும் ஒரே கூடையில் போடுவதும் நியாயமில்லை. சாய் பல்லவி ஒரு முகப்பொலிவு கிரீம் விளம்பரத்தை மறுத்தார். கோடிக்கணக்கான ரூபாய் ஒப்பந்தம் என்று 2019இல் செய்திகள் வந்தன. அவர் சொன்ன காரணம் தங்கையைப் பற்றியது. தன்னைவிட நிறம் குறைவு என்று தங்கைக்கு வருத்தம் இருந்ததாம். காய்கறி, பழம் சாப்பிட்டால் வெள்ளையாகலாம் என்று அக்கா விளையாட்டாகச் சொல்லப்போக, பிடிக்காதவற்றையும் அந்தப் பெண் சாப்பிட்டிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று அக்காவுக்குப் புரிந்தது. வீட்டுக்குள் ஒரு தங்கைக்கே இப்படி என்றால், திரையில் வரும் அக்கா சொல்வதை எத்தனை பேர் வீட்டில் செய்து பார்ப்பார்கள்? சாய் பல்லவி மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர் என்பதும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது இதுதான். பெரிய நட்சத்திரம் பெரிய நிறுவனத்தின் கிரீமுக்காக நடிக்கிறார். அந்தக் கிரீம் சட்டப்படி பதிவானதாகவே இருக்கலாம். ஆனால் அவர் விதைத்த ஆசை அந்தக் கிரீமோடு நிற்பதில்லை. அது இரவுச் சந்தைக்குப் போகிறது, புலனத்துக்குப் போகிறது. அங்கே அதே ஆசைக்கு இன்னும் வேகமாக, இன்னும் மலிவாகப் பலன் தருவதாக ஒருவர் டப்பாவை நீட்டுகிறார். வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை மேலே படித்துவிட்டீர்கள். பாதரசம் மட்டும் அல்லாமல், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் ஆகியவையும் இப்படிப்பட்ட டப்பாக்களில் பிடிபட்டிருக்கின்றன.

மலேசியாவில் விற்கும் ஒவ்வோர் அழகுசாதனப் பொருளும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்டதற்கு 'என்.ஓ.டி.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, நடுவில் இலக்கங்களோடு, 'கே' என்ற எழுத்தில் முடியும் ஓர் எண் உண்டு. டப்பாவில் எண்ணைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடாதீர்கள். எண்ணைத் திருடி அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டுங்கள். பொருளின் பெயர் ஒத்துப்போகிறதா, எண் ரத்து செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, அந்த எண் இருப்பதால் அந்தக் கிரீம் அழகாக்கும் என்று அரசாங்கம் சான்று தந்ததாக ஆகிவிடாது. அறிவிக்கப்படாத பொருளை விற்றால் 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பள்ளித் தோழிகளுக்குப் 'பகுதி நேரமாக' விற்றுக் கொடுக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உங்களிடம் இப்படி ஒரு டப்பா இருந்தால் பூசுவதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் முகம் மறுபடி கறுக்கும்; சிலருக்கு முன்பைவிடக் கறுப்பது போலவும் தெரியும். அதைக் கண்டு பயந்து மறுபடி பூசத் தொடங்குபவர்கள் அதிகம். டப்பாவைக் கழிவுநீரில் கொட்டாதீர்கள். மூடி, நெகிழிப் பையில் கட்டி, மாநில மருந்தக அமலாக்கப் பிரிவில் கொடுங்கள். பூசியவரின் தலையணை உறை, துண்டு வழியாக வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பாதரசம் போகும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. சிறுநீர் நுரைத்தாலோ உடல் வீங்கினாலோ சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது கிரீம் பூசினேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கோட்டக்கல் மருத்துவர்கள் துருவிக் கேட்டதால் தெரிந்தது. எல்லா மருத்துவருக்கும் அது கேட்கத் தோன்றாது.

அந்த மாணவி அன்று மாலையே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மாவும் மகளும் டப்பாவை அமலாக்கப் பிரிவில் கொடுத்துவிட்டு, கிளினிக்கில் சிறுநீர்ச் சோதனையும் செய்துகொண்டார்கள். புரதம் ஒழுகவில்லை. இரண்டு மாதத்தில் முகம் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. திருமணமும் நடந்து முடிந்தது. மறுவாரம் அவளிடமிருந்து எனக்குப் புலனத்தில் ஒரு குடும்பப் படம் வந்தது. அம்மா, அப்பா, மணமக்கள், இவள் என எல்லாரும் ஒரே சீராக, பொங்கல் சோறு போல வெள்ளையாக இருந்தார்கள். கீழே எழுதியிருந்தாள்:

"டீச்சர், கேமராக்கார அண்ணன் மாப்பிள்ளையவும் சேத்து வெளுத்துட்டாரு. பின்னால பந்தலும் வெளுத்திருக்கு, பாருங்க."